அதுவரை

மீன் பெட்டியில் ஒட்டும் லேபிளின் முதுகில்
யுர்கிதா எழுதி வைத்திருக்கிறாள்:
கம் அப் டு.
கம் தெரியும். அப் தெரியும். டு தெரியும்.
மூன்றும் சேர்ந்த இடத்தில்
மூன்றில் ஒன்றும் இல்லை.

முதலில் காதில் விழுந்தது கடிகாரத்தோடு.
"கமிங் அப் டு ஃபோர்" என்றான் மேற்பார்வைக்காரன்.
நான்கு அடித்துவிட்டதென்று கையுறையைக் கழற்றினாள்.
இன்னும் ஏழு நிமிடம், சுவரைக் காட்டினான்.
ஏழு நிமிடத்தில்
பதினொரு காட் மீனின் முதுகெலும்பை உருவலாம்.
உருவினாள்.

அடுத்தது, அவள் அறுத்த துண்டங்கள் பற்றி.
அவை தரம் என்ற ஒன்றிடம்
வந்து சேரவில்லையாம்.
ஓரத்தில் பிசிறு, உள்ளே இரண்டு முள்.
செத்த மீன் எழுந்து நடந்துபோய்
யாரோ கிழித்த கோட்டருகே நிற்கவேண்டும் போல.
அன்று சிரித்துவிட்டாள்.
சம்பளத்தில் பிடித்தது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

பிறகு மகன்.
குளிர்பதனப் பெட்டிக்கு முன் அவளை நிறுத்தி
தன் உச்சந்தலையிலிருந்து கையைக் கிடையாக நீட்டினான்.
அவள் காதுமடலில் இடித்தது.
"ஐ கம் அப் டு யுவர் இயர்."
நம் பாஷையில் சொல், என்றாள்.
தோமஸ் யோசித்தான்.
சொல்லியும் விட்டான்; பிழையில்லை.
யோசித்த நேரம்தான் அவளுக்கு வலித்தது.

தமிழில் இதை எழுதுகிற நான்
எளிதென்று நினைத்தேன்.
எட்டுவது என்று போட்டால் முடிந்தது:
மணி எட்டும், தரம் எட்டும், காது எட்டும்.
ஆனால் எட்ட நில் என்றால் தள்ளிப்போ என்று பொருள்.
கிட்ட வருவது என்று போட்டாலோ
கிட்டிவிடும் என்ற ஆசையும்
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிடுகிறது.
யுர்கிதாவுக்கு அந்த ஆசையைக் கொடுக்க
நான் யார்?

ஜனவரியில் ஓர் இரவு
வடகடல் கிரிம்ஸ்பிக்குள் நுழைந்தது.
ரேடியோவில் நிதானமான ஒரு குரல்:
தாழ்வான தெருக்களில் தண்ணீர்
முழங்கால் வரை வரலாம்.
கம் அப் டு.
இருட்டில், தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல்
அவள் திரும்பினாள்.

கால்மிதி முதலில் மிதந்தது.
அப்புறம் தோமஸின் ஒற்றை ஷூ.
தண்ணீர் அவசரப்படவில்லை,
படியைப் படியாகவே ஏறியது.
மூன்றாம் படியில் யோசித்தது, அவள் மகனைப்போல.

எதிர்வீட்டு நெவில்
மூன்று வருடமாகத் தலையசைப்பு மட்டும்.
குப்பை எடுக்கும் நாள் மாறினால்
அவளுடைய தொட்டியையும் தெருமுனைக்குத் தள்ளி வைப்பான்,
அதைப் பற்றிப் பேச்சு கிடையாது.
தூண்டில்காரரின் ரப்பர் கால்சட்டையில்
இடுப்பளவு இருட்டை விலக்கிக்கொண்டு
டார்ச் வெளிச்சம் முன்னால் தள்ளாட
தெருவைக் கடந்து வந்தான்.
தண்ணீருக்கும் அவனுக்கும் ஒரே வினைச்சொல்.
ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

"மெயின் ஸ்விட்ச்?"
"ஆஃப்" என்றாள்.
தலையசைத்தான்.
போகவில்லை.
வேறெதுவும் கேட்கவுமில்லை.
ஆம்புலன்ஸ் ஒன்று எங்கோ ஊளையிட்டது.
மேலிருந்து அவள் பார்த்தபோது
அவன் வழுக்கையில் மழை
தனித்தனியாக விழுந்துகொண்டிருந்தது.
எவ்வளவு நேரம் என்று
நின்றுபோன கடிகாரத்துக்குத் தெரியாது.

காலையில் சுவர்த்தாளில் ஒரு பழுப்புக் கோடு,
தோமஸின் தொடை உயரம்.
அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால்
லேபிள்கள் பிழைத்தன.
அவள் இரண்டு வரி சேர்த்தாள்:
தண்ணீர் மூன்றாம் படி வரை வந்தது.
நெவில் என் ஜன்னல் வரை வந்தார்.

தோமஸ் வாங்கிப் பார்த்தான்.
இலக்கணம் சரி, என்றான்.
வந்து?

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
அவள் துடைப்பத்தைத் தேடினாள்.
அவ்வளவுதான். அதுவரை.